சூரைச் செடியின் அடியில்



விடியற்காலை நாலரை மணிக்கே நம் பள்ளி மைதானத்தில் விசில் சத்தம் கேட்கிறது. காவலர் தேர்வுக்குத் தயாராகும் நம் பிள்ளைகள் அங்கே ஓடுகிறார்கள். எழுத்துத் தேர்வு ஒரு பக்கம். அதைத் தாண்டியபின் வரும் ஓட்டம் இன்னொரு பக்கம். ஆண்பிள்ளைகள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். 1500 மீட்டர் என்பது 400 மீட்டர் தடத்தில் மூன்றே முக்கால் சுற்று. ஒவ்வொரு சுற்றும் ஒரு நிமிடம் 52 விநாடிக்குள் முடிந்தால்தான் கணக்கு சரியாக வரும். வீட்டிலுள்ள பெரியவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நம் பிள்ளை எதற்காக அந்த இருட்டில் எழுந்து போகிறது என்பது நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் மாதம் எல்லோரும் வந்தார்கள். எழுப்பாமலே எழுந்தார்கள். இப்போது கூட்டம் குறைந்துவிட்டது. அலாரம் அடிக்கிறது, கை நீண்டு அதை நிறுத்துகிறது, உடம்பு எழ மறுக்கிறது. எழுந்து போனாலும் கால் கனக்கிறது. முன்பு வந்த நேரம் இப்போது வரவில்லை. ஓட ஓட விநாடிகள் கூடிக்கொண்டே போகின்றன. “போன மாசம் இருந்த வேகம் எங்கடா போச்சு?” என்று அப்பா கேட்கிறார். பிள்ளை பதில் சொல்லாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறது.

அப்படிப்பட்ட பிள்ளைகளில் சிலர் என்னிடமும் வந்தார்கள். அவர்கள் கேட்டதை யாருடையது என்று சொல்லாமல் உங்கள் முன் வைக்கிறேன். “ஃபாதர், ஓடவும் பிடிக்கல, ஜெபம் பண்ணவும் பிடிக்கல. கடவுள் என்னைக் கைவிட்டுட்டாரா?”

அன்புக்குரியவர்களே, இந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். களைத்துப்போன பிள்ளை உடம்பைப் பற்றிப் பேசத் தொடங்கி, ஆண்டவர் முன் தன் நிலை என்ன என்ற கேள்வியில் வந்து நிற்கிறது. ஓட முடியாதது பாவம்போல அதன் மனத்தில் உட்கார்ந்துவிட்டது. இன்றைய முதல் வாசகம் அந்தப் பிள்ளைக்காகவே வாசிக்கப்பட்டது என்று நான் நம்புகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, பொதுக்காலத்தின் 19ஆம் ஞாயிறன்று திருச்சபை இந்தப் பகுதியை நம் கையில் தருகிறது: இறைவாக்கினர் எலியா சூரைச் செடியின் அடியில் படுத்துக் கிடக்கும் காட்சி.

எலியாவும் ஓடியவர்தான். இதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கர்மேல் மலையில் பாகாலின் 450 பொய்வாக்கினர் முன் தன்னந்தனியாக நின்று, வானத்திலிருந்து இறங்கிய நெருப்பைக் கண்டார். அதே நாளில், மழை கொட்டத் தொடங்கியபோது, தேரில் போன ஆகாபு அரசனுக்கு முன்னால் இஸ்ரியேல் நகர்வரை ஓடினார். 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம், குதிரைக்கு முன்னால், நனைந்த தரையில்! ஆண்டவரின் கை அவர்மேல் இருந்தது என்று மறைநூல் சொல்கிறது. அப்படி ஓடிய மனிதர் அடுத்த அதிகாரத்தில் என்ன ஆனார்? ஈசபேல் அரசியிடமிருந்து ஒரே ஒரு மிரட்டல் செய்தி வந்தது. அதைக் கேட்டதும் உயிருக்குப் பயந்து தெற்கே போனார். பெயேர்செபாவில் தம் பணியாளரை விட்டுவிட்டார். அங்கிருந்து தனியாகப் பாலைநிலத்தில் ஒருநாள் தூரம் நடந்து, ஒரு சூரைச் செடிக்குக் கீழே உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று மன்றாடினார்.

ஒரு பெரிய வெற்றிக்குப் பின்னால்தான் இந்தச் சோர்வு வந்தது என்பதை நினைவில் வையுங்கள். விசுவாசம் குறைந்தவருக்கு வந்த சோர்வு அல்ல இது. விசுவாசத்தோடு தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்து முடித்தவருக்கு வந்தது. ஒரு நாள் முழுவதும் நெருப்போடும் மழையோடும் கழித்து, ஓடி, பயந்து, தூங்காமல் நடந்து, துணைக்கு இருந்த ஒரே ஆளையும் பின்னால் விட்டுவிட்டு வந்த உடம்பும் மனமும் அவருக்கு. உங்கள் பிள்ளையின் சுவரைப் பார்த்த முகத்தை நினைத்துக்கொண்டே இந்த வாசகத்தை மறுபடி படித்துப் பாருங்கள்.

ஆண்டவர் அவருக்கு என்ன செய்தார்? நாமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று முதலில் யோசிப்போம். “கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய அடையாளத்தைக் கொடுத்தேனே, இதற்குள் மறந்துவிட்டாயா?” என்று கேட்டிருப்போம். ஆண்டவர் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. எலியா தூங்கினார், ஆண்டவர் தூங்கவிட்டார். பிறகு வானதூதர் வந்து அவரைத் தொட்டு எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். தலைமாட்டில் தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் இருந்தன. எலியா சாப்பிட்டார், குடித்தார், திரும்பவும் படுத்துக்கொண்டார்.

எனக்கு இந்த இடத்தில் எப்போதும் நெஞ்சு நெகிழும். சாப்பிட்டதும் அவர் துள்ளி எழுந்து ஓடிவிடவில்லை. மறுபடி படுத்துக்கொண்டார். வானதூதரும் சலித்துக்கொள்ளவில்லை. இரண்டாம் முறையும் வந்தார், இரண்டாம் முறையும் தொட்டார், இரண்டாம் முறையும் உணவு கொடுத்தார். அப்போது அவர் சொன்ன காரணத்தைப் பாருங்கள்: போகவேண்டிய வழி எலியாவின் சக்திக்கு மிஞ்சிய நெடுந்தூரம் என்று சொன்னார். உன்னால் முடியும், எழுந்திரு என்று அதட்டவில்லை. இது உன்னால் தாங்கக்கூடியதைவிடப் பெரியது, எனக்குத் தெரியும், அதனால் சாப்பிடு என்கிறது வானகம். அந்த உணவின் வலிமையில் எலியா நாற்பது பகலும் நாற்பது இரவும் நடந்து, கடவுளின் மலையாகிய ஓரேபை அடைந்தார்.

ஆகவே, என்னிடம் அந்தக் கேள்வி கேட்ட பிள்ளைக்கு இந்தப் பீடத்தின் முன் நின்று பதில் சொல்கிறேன். இல்லை, மகளே, இல்லை, மகனே. ஆண்டவர் உன்னைக் கைவிடவில்லை. சோர்ந்து கிடப்பவரின் தலைமாட்டில் அப்பம் வைக்கிறவர் அவர்.

சகோதர சகோதரிகளே, நாம் கடற்கரை ஊர்க்காரர்கள். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், நம் கடலில் விசைப்படகுகள் தொழிலுக்குப் போவதில்லை. மீன் இனம் பெருகுவதற்கான தடைக்காலம் அது. வருமானம் இல்லாமல் வீடுகளில் கஷ்டம்தான். அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் அந்த நாட்களில் படகைக் கரையேற்றி மராமத்து பார்க்கிறோம், இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்கிறோம், கிழிந்த வலையை முடைகிறோம். கடல் சோம்பேறியாகிவிட்டது என்று யாராவது சொன்னோமா? கடலுக்கே ஓய்வு வேண்டும் என்று ஒத்துக்கொள்கிற நாம், பத்தொன்பது வயதுப் பிள்ளையின் உடம்புக்கு மட்டும் அதை ஏன் மறுக்கிறோம்?

ஓட்டப் பயிற்சி அறிந்தவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். ஓடும்போது தசைகளுக்கு நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. உறங்கும்போதும் ஓய்ந்திருக்கும்போதும்தான் உடல் அதைச் சரிசெய்து முன்னைவிட வலுவாக்குகிறது. ஒருநாள் முழு வேகத்தில் ஓடினால் மறுநாள் மெதுவாக ஓட வேண்டும், அல்லது நடக்க வேண்டும். நம் பிள்ளைகள் பலர் தினமும் தேர்வு நாள்போல் ஓடுகிறார்கள். இரவு பதினொன்றரை மணிவரை படிப்பு, நாலு மணிக்கு விழிப்பு, காலையில் ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும். உடம்பு எத்தனை நாள் தாங்கும்? விடியலில் எழும்போதே நாடி வழக்கத்தைவிட வேகமாக அடித்தால், களைத்துப் படுத்தும் தூக்கம் வராவிட்டால், சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் வந்தால், உடம்பு ஓய்வு கேட்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். அந்த வாரம் ஓட்டத்தைக் குறையுங்கள். உங்கள் உடம்பும் ஆண்டவர் படைத்ததுதான். அதன் குரலைக் கேட்பதில் குற்றம் இல்லை.

பெண்பிள்ளைகளின் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. மூச்சு வாங்குவது, தலை சுற்றுவது, இரண்டு மாடி ஏறினாலே நெஞ்சு படபடப்பது, எதிலும் மனம் ஒட்டாமல் போவது எல்லாம் அதனாலும் வரும். “சோம்பேறி” என்று நாம் திட்டிய பிள்ளைக்கு இரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்திருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்கிறார்கள். திட்டுவதற்கு முன் ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். சாப்பாட்டில் முருங்கைக்கீரை சேருங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை நிறுத்துங்கள், அது இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. மாத்திரை கொடுத்தால் நடுவில் விடாதீர்கள். மறையுரையில் முருங்கைக்கீரை எதற்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். வானதூதரே எலியாவுக்கு முதலில் சொன்னது சாப்பாட்டைப் பற்றித்தானே.

இந்த இடத்தில் ஒரு மனிதரைப் பற்றி உங்களிடம் சொல்ல ஆசைப்படுகிறேன். எரிக் லிடல் என்பது அவர் பெயர். ஸ்காட்லாந்துக்காரர், சீனாவில் மறைபரப்புப் பணி செய்த பெற்றோருக்கு 1902இல் அங்கேயே பிறந்தவர், சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர். 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், 100 மீட்டர் ஓட்டத்தின் முதல் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்ததால் ஆண்டவரின் நாளில் ஓடமாட்டேன் என்று விலகினார். பதிலாக 400 மீட்டர் ஓடி, 47.6 விநாடியில் தங்கம் வென்றார். இதுவரை பலருக்குத் தெரிந்திருக்கும். இதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்கு வேண்டியது.

மறு ஆண்டே அவர் புகழையெல்லாம் விட்டுவிட்டுச் சீனாவுக்கு மறைபரப்பாளராகப் போனார். போர் மூண்டது. கருவுற்றிருந்த மனைவியையும் இரண்டு பெண்குழந்தைகளையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் அங்கே தங்கினார். 1943இல் ஜப்பானியர் அவரை வெய்ஷியன் என்ற தடுப்பு முகாமில் அடைத்தார்கள். அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார், விளையாட்டு ஏற்பாடு செய்தார், முதியவர்களுக்குத் தண்ணீர் சுமந்தார். எல்லோரும் சாய்ந்துகொள்ளும் தோளாக இருந்தார். பிறகு அவருக்கே சோர்வு வந்தது. தலைவலி, தள்ளாட்டம், மனம் இருண்டுபோதல். அளவுக்கு மிஞ்சி உழைத்ததால் நரம்புத் தளர்ச்சி என்று நினைத்தார்கள். லிடலும் தம்மையே நொந்துகொண்டார். பாரத்தையெல்லாம் ஆண்டவர்மேல் போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றிருக்க வேண்டிய நான் இப்படி உடைந்துபோனேனே என்று நண்பரிடம் வருந்தினார். 1945 பிப்ரவரி 21 அன்று அந்த முகாமிலேயே இறந்தார். வயது 43. இறந்தபின் பரிசோதித்தபோதுதான் தெரிந்தது, அவர் மூளையில் கட்டி இருந்தது.

அன்புக்குரியவர்களே, அந்த நல்ல மனிதர் தம் கடைசி வாரங்களில் தம் விசுவாசத்தையே குறைசொல்லிக்கொண்டு வேதனைப்பட்டார். அவரிடம் விசுவாசக் குறை எதுவும் இருக்கவில்லை. மூளையில் நோய் இருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் துக்கமாக இருக்கிறது. நம் நடுவிலும் எத்தனை பேர் நோயைப் பாவம் என்று எண்ணி, களைப்பைக் கடவுளின் தண்டனை என்று எண்ணி, யாரிடமும் சொல்லாமல் சுமக்கிறீர்கள்? ஆண்டவர் உங்களை அப்படிக் கணக்குப் பார்க்கவில்லை. நீங்களும் பார்க்காதீர்கள்.

இன்னொரு சோர்வும் உண்டு. அதையும் பேசாமல் விடக்கூடாது. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, சாப்பாடும் தூக்கமும் சரி, ஆனாலும் போகப் பிடிக்கவில்லை. இதற்குப் பின்னால் பெரும்பாலும் பயம் இருக்கிறது. போனமுறை சில விநாடிகளில் தவறவிட்டது, வயது வரம்பு நெருங்குவது, பயிற்சிக்காக அம்மா அடகு வைத்த கம்மல், தோற்றால் ஊர் என்ன சொல்லும் என்ற கூச்சம். ஓடாமலே இருந்துவிட்டால் தோற்கவும் வேண்டாமே என்று மனம் ஒரு மூலையில் ஒளிந்துகொள்கிறது. உன்னையே கேட்டுப் பார், தம்பி. நீயும் கேட்டுப் பார், தங்கச்சி: நான் களைத்திருக்கிறேனா, பயந்திருக்கிறேனா? பயம் என்று தெரிந்தாலும் வெட்கப்பட வேண்டாம். எலியாவும் பயந்துதான் ஓடினார்.

பயந்தவருக்கு நான் சொல்வது சின்ன விஷயம்தான். நாளைக் காலை 1500 மீட்டரை நினைக்காதே. எழுந்து, சிலுவை அடையாளம் போட்டு, ஷூவைக் கட்டி, மைதானம்வரை நடந்து போ. பத்து நிமிடம் மெதுவாக ஓடு. அதற்குப் பிறகும் உடம்பு மறுத்தால் வீட்டுக்கு வந்துவிடு; அன்றைக்கு அது போதும். ஓடத் தொடங்கியபின் மனம் தானாக வந்து சேரும் நாட்களே அதிகம் என்று ஓடிப் பழகியவர்கள் சொல்வார்கள். தனியாகவும் போகாதே. எலியா பணியாளரை விட்டுவிட்டுத் தனியாகப் போன இடத்தில்தான் விழுந்தார். அதனால்தானோ என்னவோ, ஓரேபில் ஆண்டவர் அவருக்குப் புதுப் பொறுப்புகளைத் தந்தபோது எலிசாவையும் துணைக்குக் கொடுத்தார்.

திருத்தூதர் பவுலும் ஓட்டப் பந்தயத்தைப் பற்றிப் பேசினார். அக்காலத்தில் கொரிந்து நகரின் அருகே இரண்டாண்டுக்கு ஒருமுறை பந்தயங்கள் நடக்கும். வென்றவருக்குப் பைன் மரத் தழையில் முடி சூட்டுவார்கள். அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் அவர், என் உடலை அடக்கிப் பயிற்சி செய்கிறேன் என்று எழுதினார். அதை மட்டும் எடுத்துக்கொண்டு பிள்ளைகளை விரட்டக்கூடாது. திமொத்தேயுவுக்கு எழுதும்போது, உன் வயிற்றுக் கோளாறுக்காகவும் அடிக்கடி வரும் உடல்நலக் குறைவுக்காகவும் கொஞ்சம் திராட்சை இரசம் எடுத்துக்கொள் என்று அக்கறையோடு சொன்னவரும் அதே பவுல்தான். வேலை கிடைப்பதும் கிடைக்காததும் பெரிய விஷயம். வீட்டின் கடன் எனக்கும் தெரியும். ஆனால் தேர்வுப் பட்டியலில் உன் எண் இல்லாவிட்டாலும், ஆண்டவரின் கையில் உன் பெயர் இருக்கிறது. ஏழாவது நிமிடத்தில் ஊதப்படும் விசில் அதை அழிக்காது.

பெற்றோர்களே, இந்த வாரம் நீங்கள் அந்த வானதூதரின் வேலையைச் செய்யுங்கள். அவர் தொட்டார், உணவு கொடுத்தார், திரும்ப வந்தார். அறிவுரை சொன்னதாக மறைநூலில் இல்லை. பக்கத்து வீட்டுப் பையனோடு உங்கள் பிள்ளையை ஒப்பிடாதீர்கள். ஓடிவிட்டு வரும்போது கேழ்வரகுக் கஞ்சியோ, அவித்த முட்டையோ, இரண்டு வாழைப்பழமோ தயாராக இருக்கட்டும். “எத்தனை நிமிஷத்துல ஓடுன?” என்று கேட்பதற்கு முன் “சாப்பிட்டியா?” என்று கேளுங்கள். எலியாவைப்போல் போதும், எனக்கு வாழ்க்கையே வேண்டாம் என்று ஏதாவது ஒரு பிள்ளை வாய்விட்டுச் சொன்னால், அதை விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், தனியாக விடாதீர்கள், மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். 104 என்ற எண்ணை அழைத்தால் பேச ஆள் இருக்கிறார்கள். பங்கு இல்லத்தின் கதவை எந்த நேரத்தில் தட்டினாலும் திறப்பேன். இளையவர்களே, இது உங்களுக்கும்தான். சொல்வதற்கு வார்த்தை இல்லாவிட்டாலும் வந்து உட்காருங்கள்.

நம் ஆண்டவர் இயேசுவுக்கும் கால் வலித்தது. சமாரியாவில் நடந்து களைத்து, நண்பகல் வெயிலில், யாக்கோபின் கிணற்றருகே உட்கார்ந்தார். முன்பின் தெரியாத பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். புயலடித்த படகில் தலையணைமேல் தலைவைத்துத் தூங்கினார். பணி முடித்துத் திரும்பிய சீடர்களைத் தனிமையான இடத்துக்குப் போய்ச் சற்று ஓய்வெடுக்கச் சொன்னார். அவர் நம் களைப்பை வெளியிலிருந்து பார்த்துத் தீர்ப்பிடுபவர் அல்லர்; தம் எலும்பில் அதை அறிந்தவர். அவரே இன்றைய நற்செய்தியில், வானிலிருந்து இறங்கிவந்த உணவு நானே என்கிறார். இன்னும் சற்று நேரத்தில் இந்தப் பீடத்திலிருந்து அந்த அப்பத்தைப் பெறப்போகிறோம். நன்றாக ஓடியவருக்குத் தரும் பரிசு என்று எண்ணி யாரும் தயங்கி நிற்க வேண்டாம். வழி நெடுந்தூரம் என்று ஆண்டவருக்குத் தெரியும், அதனால்தான் தருகிறார்.

திருப்பலி முடிந்ததும், தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் எல்லோரும் பீடத்தின் முன் வாருங்கள். ஓடுகிறவர்களும், ஓடுவதை நிறுத்திவிட்டவர்களும் வாருங்கள். உங்கள் தலைமேல் கைவைத்து மன்றாட விரும்புகிறேன். அதன்பின் மன்றத்தில் இட்லியும் சுண்டலும் இருக்கின்றன. மரியாயின் சேனைத் தாய்மார்கள் விடியலிலேயே எழுந்து செய்திருக்கிறார்கள். சாப்பிடாமல் யாரும் போகக்கூடாது.

இப்போது எழுந்து நின்று, நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.